கேள்வி நேரமும் நம் வீட்டு மின்சாரமும்

மின் கட்டண பில் வந்தால் தொகையைப் பார்க்கிறோம், முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம். அந்த மின்சாரம் எதை எரித்து வந்தது, நம் பேரக்குழந்தைகள் காலத்தில் எதிலிருந்து வரப்போகிறது என்று அரசாங்கத்திடம் யார் கேட்பது? நம் சார்பில் கேட்கும் உரிமை பாராளுமன்ற உறுப்பினருக்கு உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதை நம் சங்க அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் இது நண்பகல் 12 மணிக்கு நடக்கிறது. கேள்விகளில் இரு முக்கிய வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாதவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் வாதம் செய்யக்கூடாது.

கேட்பது ஒரு கலை என்றால், வரும் பதிலைப் படிப்பது இன்னொரு கலை. ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. 2030-க்குள் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாத வழிகளில் இருக்கும் என்று 2022-இல் இந்தியா உலகுக்கு வாக்களித்தது. 2025-லேயே அதை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதே 1 கிலோவாட் அனல் நிலையம் இரவு பகலாக ஓடினால் 24 யூனிட் வரை தரும். ஆகவே திறனில் பாதி என்றால் மின்சாரத்தில் பாதி என்று பொருளல்ல. 2024-25-இல் உற்பத்தியான யூனிட்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு அனல் நிலையங்களிலிருந்தே வந்தது. திறனைக் கேட்டால் ஒரு விடை, யூனிட்டைக் கேட்டால் வேறு விடை. இரண்டுமே உண்மைதான்!

இரண்டாவது, புகை இடம் மாறுவது. அகல ரயில் பாதை இன்று பெரும்பாலும் மின்மயமாகிவிட்டது. டீசல் இஞ்சின் விட்ட புகை நம் கண்ணெதிரே இருந்தது. மின்சார இஞ்சினுக்குப் புகை இல்லை. ஆனால் மேலே ஓடும் கம்பிக்கு மின்சாரம் அனல் நிலையத்திலிருந்து வந்தால் அங்கே புகைபோக்கி இருக்கிறது. எனவே, "எத்தனை கிலோமீட்டர் மின்மயமாக்கினீர்கள்?" என்பதோடு நிற்காமல், "வண்டி ஓட்டச் செலவான யூனிட்டுகளில் காற்றிலும் வெயிலிலும் கிடைத்தவை எத்தனை, ஆண்டு வாரியாக?" என்று கேட்பதே முழுமையான கேள்வி.

மூன்றாவது, நழுவும் பதில்கள். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அதோடு முடிந்துவிடவில்லை. அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் உறுதிமொழிக் குழுக்கள் உண்டு. மின்சாரம் மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் இருப்பதால், விநியோகம் மாநிலத்தின் பொறுப்பு என்ற விடையும் அடிக்கடி வரும். அப்போது அதே கேள்வியைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? ஊரைவிட்டு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் நம்மில் பலர் இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. முதலில் அதைச் செய்வோம். பிறகு தொகுதி உறுப்பினருக்கு, எந்த ஆண்டு, எந்த அளவு, எந்த இடம் என்று தெளிவாகக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுவோம். மாடியில் சூரியத் தகடு அமைக்க 2024-இல் வந்த மானியத் திட்டம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதே நம்மவர் கேட்க ஏற்ற கேள்வி. கேள்விகளும் பதில்களும் இரு அவைகளின் இணையத்தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை உடன் அமர்த்திப் படியுங்கள். வருகிற கோடையின் வெப்பத்தை நம்மைவிட அதிக நாள் அனுபவிக்கப் போகிறவர்கள் அவர்கள்தாமே.