தன்பாலீர்ப்புப் பெண்கள் பாதுகாப்பு வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் (2021)

ஒருவரையொருவர் காதலித்த இரு இளம்பெண்கள், காவல்துறையின் விசாரணையிலிருந்து பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கு இது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7 அன்று வழங்கிய இடைக்கால உத்தரவு, தமிழ்நாட்டில் பால்புதுமையர் உரிமைகளில் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

மதுரையைச் சேர்ந்த இருவரும் வீட்டில் எதிர்ப்பு எழுந்ததால் சென்னைக்கு வந்தனர். ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 20. மகளைக் காணவில்லை என இரு குடும்பத்தாரும் புகார் அளித்தனர். காவல்துறை வழக்குப் பதிந்து விசாரிக்கத் தொடங்கியதும் பெண்கள் நீதிமன்றத்தை நாடினர். தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும், 'காணவில்லை' என்ற ஒரு புகாரே வயது வந்த பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழியாக இருந்தது.

விசாரணை

நீதிபதி பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் ஆலோசனைக்கு அனுப்பினார். இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என வெளிப்படையாகக் கூறி, தாமும் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். அதன் பின்னரே உத்தரவு வழங்கினார்.

உத்தரவின் கூறுகள்

* காணாமற்போனதாகக் கூறப்படுவோர் வயது வந்தவர்கள், விருப்பத்துடன் சேர்ந்து வாழ்பவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுப் புகாரை முடித்துவைக்க வேண்டும்.
* பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் 'சிகிச்சை' தடை செய்யப்பட வேண்டும்.
* காவலர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோருக்கு விழிப்புணர்வு அளிக்க வேண்டும்.

விளைவுகள்

2022இல் பால்புதுமையரைக் காவலர் துன்புறுத்தக் கூடாது என்ற விதி தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. இழிசொற்களுக்கு மாற்றாகப் பயன்படுத்த வேண்டிய தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு வெளியிட்டது.

பதின்ம வயதினர்

புகாரை முடித்துவைக்கும் வழிமுறை வயது வந்தோருக்கு மட்டுமே உரியது. 18 வயது நிறையாதவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் பொறுப்பில் இருப்பதால், அதே காதலை உணரும் பள்ளி மாணவிக்கு அது உதவாது. அவருக்குப் பயன்படக்கூடியவை பள்ளிகளுக்கான பரிந்துரைகளே. பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்களில் பெற்றோருக்கு எடுத்துரைப்பது, பாடத்திட்டத்தில் மாற்றம் செய்வது ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தற்போதைய நிலை

தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது. எனினும், திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் மற்றொரு பெண் இணையரின் வழக்கில் கூறியது.