ஈராண்டுக் கல்லூரியில் சைபர் பாதுகாப்பு: கடனுக்கு முன் ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளையுடன் கல்விக் கடன் பற்றி விசாரிக்க வரும் பெற்றோர் சிலர், அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வியைக் கேட்கின்றனர். “அமெரிக்காவில் இரண்டே ஆண்டுகள் சைபர் பாதுகாப்புப் படித்தால் வேலை கிடைத்துவிடும் என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்கலாமா?” இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. படிப்பின் தரம் வேறு. அது திறந்துவிடும் வாயில்கள் வேறு. இரண்டையும் தனித்தனியே காண்போம்.

அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகள் பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகள் எனப்படுபவை. இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கப்பட்ட ஜோலியட் கல்லூரி இவற்றுள் பழமையானது. ஏறத்தாழ 60 கிரெடிட் அளவுக்குப் பாடங்களை முடித்தவர்க்கு ‘அசோசியேட்’ பட்டம் வழங்கப்படுகிறது. இதனை இளநிலைப் பட்டத்துக்கு நிகராகக் கருதலாகாது. நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதற்பாதி எனக் கொள்வதே பொருந்தும். கட்டணம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் அக்குறைந்த கட்டணம் பெரும்பாலும் உள்ளூர் மாணவர்க்கே உரியது. அயல்நாட்டு மாணவர் அதனினும் கூடுதலாகச் செலுத்த வேண்டும்.

என்ன கற்பிக்கப்படுகிறது?

பொதுவாக முதலாண்டில் கணினி வலையமைப்பு, லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரலாக்கம் ஆகியவற்றோடு ஆங்கிலமும் கணிதமும் இடம்பெறும். இரண்டாம் ஆண்டில் ஃபயர்வால் அமைத்தல், ஊடுருவலைக் கண்டறிதல், கணினித் தடயவியல், தாக்குதல் நேர்ந்தபின் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள் ஆகியவை ஆய்வகப் பயிற்சியுடன் கற்பிக்கப்படும்.

இத்துறையின் அடிப்படைகள் மூன்று: மறைவு, மாறாமை, தடையின்றிக் கிடைத்தல். உங்கள் கணக்கின் இருப்பை அயலார் காணக் கூடாது. உரிமையற்றோர் அதைத் திருத்தக் கூடாது. நீங்கள் வேண்டும்போது அது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் இழப்பு பெரிது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரால் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போலியான ஸ்விஃப்ட் ஆணைகள் அனுப்பப்பட்டன. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கணக்குகளைச் சென்றடைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ, பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப் பிழை ஐயத்தைக் கிளப்பியதால் மீட்கப்பட்டது. கருவிகளோடு கூர்ந்து நோக்கும் பழக்கமும் இத்துறைக்கு இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

வேலைவாய்ப்பின் எல்லைகள்

ஈராண்டுப் படிப்புடன் ‘செக்யூரிட்டி பிளஸ்’ போன்ற தொடக்கநிலைச் சான்றிதழும் பெற்றவர், கணினி உதவி மையப் பணிக்கோ கண்காணிப்பு மையத்தின் கீழ்நிலைப் பணிக்கோ முயலலாம். ஆனால் தகவல் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர் பணிக்கு இளநிலைப் பட்டமே வழக்கமான தகுதி என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை குறிப்பிடுகிறது. உயர்நிலைச் சான்றிதழான சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெறுவதற்கு ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டம் பெற்றவர்க்கு அதில் ஓராண்டு தள்ளுபடி உண்டு.

இந்திய மாணவர்க்கு மேலும் சில தடைகள் உள்ளன. எஃப்-1 விசாவில் படித்து முடித்தவர், படிப்போடு தொடர்புடைய பணியில் ஓராண்டு ஈடுபட விதி இடமளிக்கிறது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கூடுதல் 24 மாதங்கள், இளநிலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டத்துக்கே உரியவை. அசோசியேட் பட்டத்துக்கு அவை இல்லை. அமெரிக்க அரசின் பாதுகாப்பு சார்ந்த பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே கிட்டும். எனவே ஈராண்டுக் கல்லூரியை முடிவிடமாகக் கொள்ளாமல், நான்காண்டுப் பட்டத்தின் முதற்படியாகக் கொள்வதே அறிவுடைமை. எப்பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட்டுகளை ஏற்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்து வடிவில் பெறுதல் நலம்.

கடன் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு ₹10 லட்சம் வீதம் ₹20 லட்சம் கடன், தனிவட்டி 10 விழுக்காடு எனக் கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி வளரும். முதல் தொகைக்கு மூன்றாண்டு வட்டி ₹3 லட்சம். இரண்டாம் தொகைக்கு ஈராண்டு வட்டி ₹2 லட்சம். தவணை தொடங்கும் நாளில் நிலுவை ₹25 லட்சம். அதே வட்டி விகிதத்தில் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ ₹33,000 செலுத்த வேண்டும். பிள்ளை அமெரிக்காவில் வேலையின்றித் திரும்பினாலும் இத்தொகையை உள்நாட்டு ஊதியத்தில் செலுத்த இயலுமா? ஈடாக வைக்கும் வீட்டின் பாதுகாப்பு இவ்வினாவின் விடையில் அடங்கியுள்ளது.

₹7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஒன்றிய அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் உண்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பொதுவாக ஈடு கோரப்படும். மேலும், எல்லா அயல்நாட்டுப் படிப்பும் கடனுக்குத் தகுதி பெறுவதில்லை. ஆதலால் கல்லூரிக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்பே கிளையில் கலந்தாலோசியுங்கள்.

உள்நாட்டு வழி

நம் நாட்டில் பாலிடெக்னிக் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, பட்டப்படிப்பில் ஈராண்டு முடித்து வெளியேறுபவர்க்கும் டிப்ளமோ வழங்க வகை செய்கிறது. ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வெளியிட்ட சைபர் பாதுகாப்பு நெறிமுறையின்படி வங்கிகள் தொடர் கண்காணிப்பு மையத்தை அமைக்க வேண்டும். இத்துறை வல்லுநர்க்கான தேவை இந்தியாவிலும் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

சைபர் பாதுகாப்பு கற்கத்தக்க நல்ல துறை என்பதில் நமக்கு ஐயமில்லை. எங்கே கற்பது, எவ்வளவு கடன் பெறுவது என்பவற்றைக் குடும்பத்தின் திருப்பிச் செலுத்தும் ஆற்றலை முன்வைத்து முடிவு செய்யுங்கள். வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன், பிள்ளையோடு அமர்ந்து மேற்கண்ட கணக்கை உங்கள் தொகையைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.