திசைவிகளுக்கிடையே டயல்-அப் காப்பு இணைப்பு

டயல்-அப் காப்பு இணைப்பு என்பது, இரு அலுவலகங்களின் திசைவிகளை (ரவுட்டர்களை) இணைக்கும் முதன்மை இணைப்பு அறுந்துபோகும்போது, தொலைபேசி வலையமைப்பு வழியாகத் தானாக அழைத்துத் தொடர்பை மீட்கும் ஏற்பாடு ஆகும். 1990களில் குத்தகை இணைப்புகளுக்கும் ஃபிரேம் ரிலே இணைப்புகளுக்கும் காப்பாக ஐஎஸ்டிஎன் அல்லது சாதாரண மோடம் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. ஐஎஸ்டிஎன் அடிப்படை இணைப்பில் நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இரண்டு பி தடங்களும், சமிக்ஞைக்கான 16 கிலோபிட் டி தடமும் உள்ளன.

அடிப்படைச் சிக்கல்

டயல்-அப் இணைப்பில் பேசும் நேரத்திற்குக் கட்டணம் உண்டு. எனவே தேவையில்லாதபோது அது துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இயங்குநிலை வழிப்படுத்தல் நெறிமுறைகள் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவை. ஆர்ஐபி 30 நொடிக்கு ஒருமுறை தன் வழித்தட அட்டவணையை அனுப்புகிறது. ஓஎஸ்பிஎஃப், இரு முனை இணைப்புகளில் 10 நொடிக்கு ஒருமுறை 'ஹலோ' பொதியை அனுப்புகிறது.

சிஸ்கோ திசைவிகளில், பயனுள்ள பொதி எதுவும் செல்லாமல் 120 நொடிகள் கடந்தால் அழைப்பு துண்டிக்கப்படும் என்பது இயல்பான அமைப்பு. 10 நொடிக்கு ஒருமுறை வரும் ஹலோ பொதியும் 'பயனுள்ளது' எனக் கருதப்பட்டால் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். அழைப்பு முடியவே முடியாது. நாள் முழுவதும் கட்டணம் ஏறும்.

அழைப்பைத் தூண்டும் பொதிகள்

எந்தப் பொதி அழைப்பைத் தொடங்கலாம் என்பதை 'டயலர்-லிஸ்ட்' கட்டளை தீர்மானிக்கிறது. அதனுடன் இணைந்த அணுகல் பட்டியலில் ஓஎஸ்பிஎஃப் பொதிகளை மறுத்து, மற்ற ஐபி பொதிகளை அனுமதிப்பது வழக்கம். இங்கு மறுப்பு என்பது தடை அல்ல. மறுக்கப்பட்ட பொதி அழைப்பைத் தொடங்காது, நேரக் கணக்கையும் புதுப்பிக்காது; ஆனால் இணைப்பு ஏற்கெனவே உயிருடன் இருந்தால் அதன் வழியே செல்லும்.

முறைகள்

1. காப்பு இடைமுகம்: முதன்மை இடைமுகம் செயலிழந்தால் மட்டுமே காப்பு இடைமுகம் விழிக்கும். அமைப்பது எளிது. ஆனால் ஃபிரேம் ரிலேயில் மறுமுனை அறுந்தாலும் இம்முனையின் இடைமுகம் நன்றாக இருப்பதாகவே காட்டக்கூடும். அப்போது காப்பு விழிக்காது.

2. மிதக்கும் நிலையான வழி: ஒவ்வொரு வழிக்கும் அதன் நம்பகத்தன்மையைக் குறிக்கும் 'நிர்வாகத் தொலைவு' என்ற எண் உண்டு, குறைந்த எண்ணே வெல்லும். நிலையான வழிக்கு 1, ஈஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ஆர்ஐபிக்கு 120 என்பவை சிஸ்கோவின் இயல்பு மதிப்புகள். டயல்-அப் வழியாகச் செல்லும் நிலையான வழிக்கு 200 எனக் கொடுத்தால், ஓஎஸ்பிஎஃப் வழி இருக்கும்வரை அது அட்டவணைக்குள் வராது. அந்த வழி மறைந்ததும் இது மேலே வரும். அடுத்து வரும் பயனுள்ள பொதி அழைப்பைத் தொடங்கும்.

3. டயலர் வாட்ச்: குறிப்பிட்ட ஒரு முகவரி வழித்தட அட்டவணையில் இருக்கிறதா என்று திசைவி கண்காணிக்கும். அது மறைந்தால், பொதி வரும்வரை காத்திராமல் உடனே அழைக்கும்.

4. ஓஎஸ்பிஎஃப் தேவைச் சுற்று: 1995இல் ஆர்எஃப்சி 1793 இதை வரையறுத்தது. தொடக்கத்தில் தகவல் பரிமாறியபின் ஹலோ பொதிகள் அடக்கப்படும். வலையமைப்பின் கட்டமைப்பில் மாற்றம் ஏற்பட்டால் மட்டும் இணைப்பு எழும். ஆகவே எங்கோ ஓர் இணைப்பு அடிக்கடி அறுந்து சேர்ந்தாலும் இங்கே அழைப்பு போய்க்கொண்டிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

மிதக்கும் வழி முறையில் மூன்று தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, முன்னொட்டின் நீளம். தலைமை அலுவலகத்தின் 10.1.0.0/16 வலையமைப்பை ஓஎஸ்பிஎஃப் வழியாகக் கற்ற கிளைத் திசைவியில், நிலையான வழியை 10.1.1.0/24 என எழுதினால், அந்த 24 பிட் வழியே வெல்லும். நீண்ட பொருத்தம் நிர்வாகத் தொலைவுக்கு முன்பே பார்க்கப்படுவதால் 200 என்ற எண்ணுக்குப் பயனில்லை. முதன்மை இணைப்பு நன்றாக இருக்கும்போதே தொலைபேசி அழைப்பு போகும்.

இரண்டாவது, திரும்பும் வழி. கிளையில் மட்டும் மிதக்கும் வழி இருந்தால், தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேராது. இரு முனைகளிலும் வழி எழுதப்பட வேண்டும். மூன்றாவது, அடையாளச் சரிபார்ப்பு. பிபிபி நெறிமுறையில் சாப் முறை பயன்படுத்தப்படும்போது, ஒவ்வொரு திசைவியிலும் மறுமுனைத் திசைவியின் பெயரும், இரண்டுக்கும் பொதுவான கடவுச்சொல்லும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும்.

சோதனை

காப்பு இணைப்பில் உள்ள பிழை, முதன்மை இணைப்பு அறும் நாள்வரை வெளியே தெரியாது. ஆகவே முன்கூட்டியே சோதிப்பது அவசியம். காப்பு இடைமுக முறையில், முதன்மை இடைமுகத்தை 'ஷட்டவுன்' கட்டளையால் நிறுத்தினால் காப்பு விழிக்காது. கேபிளைக் கழற்றியே சோதிக்க வேண்டும். 'ஷோ ஐபி ரூட்' கட்டளை வழி மாறியதைக் காட்டும். 'ஷோ டயலர்' கட்டளை அழைப்பைத் தூண்டிய பொதியின் முகவரிகளைக் காட்டும். தேவையற்ற அழைப்புகளின் காரணத்தை இதிலிருந்து கண்டறியலாம்.

ஓஎஸ்பிஎஃப்பில் அண்டைத் திசைவி இறந்ததாக முடிவு செய்ய இயல்பாக 40 நொடிகள் ஆகும். இடைமுகமே செயலிழந்தால் உடனே தெரிந்துவிடும். இந்த நேரத்துடன் அழைப்பு இணையும் நேரத்தையும் கூட்டினால் சேவை தடைபடும் காலம் கிடைக்கும்.

இன்றைய நிலை

பல நாடுகளில் ஐஎஸ்டிஎன் சேவை நிறுத்தப்பட்டு வருகிறது. அதன் இடத்தில் 4ஜி கைப்பேசி இணைப்புகள் காப்பாகப் பயன்படுகின்றன. அவற்றில் தரவு அளவுக்குக் கட்டணம் இருந்தால், வழிப்படுத்தல் நெறிமுறையின் இடைவிடாப் பேச்சைக் கட்டுப்படுத்தும் அதே தேவை இன்றும் எழுகிறது.