ஒரு கயிறு, மூன்று பங்கு

1985-இல் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், சியூலா கிராண்டே சிகரத்திலிருந்து இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோ சிம்ப்சனுக்குக் கால் முறிந்திருந்தது. சைமன் யேட்ஸ் பனியில் குழி பறித்து அதற்குள் உட்கார்ந்து, இரண்டு கயிறுகளை ஒன்றாக முடிந்து, நண்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். இருட்டு, பனிப்புயல். ஒரு கட்டத்தில் சிம்ப்சன் செங்குத்தான விளிம்பு ஒன்றைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிட்டார். கத்தினாலும் கேட்காத தூரம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவருடைய எடையைத் தாங்கிய யேட்ஸ், தான் இருந்த குழி சரிய ஆரம்பித்ததும் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் பனிப்பிளவுக்குள் விழுந்தும் உயிர் பிழைத்தார், தவழ்ந்தே முகாம் வந்து சேர்ந்தார்.

யேட்ஸ் ஏன் நண்பரை மேலே இழுக்கவில்லை என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லாருக்கும் தோன்றும். விரல் தடிமன்கூட இல்லாத, பனி படிந்து வழுக்கும் கயிற்றின் முனையில் 80 கிலோ தொங்கினால் எவ்வளவு பெரிய பலசாலிக்கும் அது அசையாது. ஆனால் அதே எடையை, அதே கயிற்றைக் கொண்டு, ஓரிருவர் சேர்ந்து மேலே கொண்டுவர ஒரு வழி உண்டு. பனியாறுகளில் நடப்பவர்கள் மலைக்குப் போகும் முன்பே அதைப் பழகிவிடுகிறார்கள்.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நம் சுமையைக் குறைப்பதில்லை. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்க வைக்கிறது, அவ்வளவுதான். கப்பி அசைய ஆரம்பித்தால்தான் சங்கதி மாறும். பனிப்பிளவில் தொங்குபவரிடமிருந்து வரும் கயிறு, மேலே உறுதியாக ஊன்றிய ஒரு பிடிமானத்தில் உள்ள முதல் கப்பியைச் சுற்றித் திரும்பி, மறுபடி பிளவை நோக்கி ஓடுகிறது. அங்கே, தொங்கும் கயிற்றிலேயே கட்டப்பட்ட இரண்டாவது கப்பியைச் சுற்றி, இழுப்பவர் கைக்கு வருகிறது. ஆங்கில இஸட் எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல் இருக்கும். ஒரே கயிறு சுமையை மூன்று தடவை பற்றியிருக்கிறது. கை 27 கிலோ அளவுக்கு இழுத்தால் 80 கிலோ ஏறும். பாடப்புத்தகத்தில் இதற்கு இயந்திர லாபம் என்று பெயர்.

மீதி 53 கிலோ எங்கே போனது? பிடிமானம் தாங்குகிறது. அதாவது மலை தாங்குகிறது. மூன்றில் இரண்டு பங்கை மலையின் தோளில் ஏற்றிவிட்டு ஒரு பங்கை மட்டும் நாம் சுமக்கிறோம். எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய ஆச்சரியமே இதுதான். விலை இல்லாமல் இல்லை: ஆள் ஒரு மீட்டர் ஏற, மூன்று மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. மலையில் உராய்வு குறுக்கே நிற்கும். கப்பி இல்லாதவர்கள் காராபினர் என்ற உலோக வளையத்திலேயே கயிற்றை ஓட்டுவார்கள். அதில் வளைந்து திரும்பும்போது இழுவிசையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் மறுபக்கம் போய்ச் சேரும். அப்படியானால் மூன்று மடங்கு இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். கை 41 கிலோ இழுக்க வேண்டும், மலைக்கு 39தான். உராய்வு மலையின் பங்கில் ஒரு பகுதியைப் பிடுங்கி நம் கையில் வைத்துவிடுகிறது.

இருப்பது ஒரே ஒரு நல்ல கப்பி என்றால் அதை எங்கே மாட்டுவது? பிடிமானத்தில்தான் என்று பலரும் சொல்வார்கள். தவறு. இழுக்கும் கைக்கு அடுத்ததாக வரும், நகரும் இடத்தில் மாட்ட வேண்டும். கையிலிருந்து முதல் திருப்பத்தில் இழந்த விசை அடுத்தடுத்த இழைகளுக்கும் குறைந்தே போகும். 90 சதவீதம் கடத்தும் கப்பியை அங்கே வைத்தால் 2.44 மடங்கு கிடைக்கும். பிடிமானத்தில் வைத்தால் 2.14 மடங்குதான். அதே பொருள்கள், இடம் மட்டும் வேறு.

இரண்டாவது கப்பியைக் கயிற்றில் எப்படிக் கட்டுவது? ஆஸ்திரியாவின் கார்ல் ப்ரூசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய முடிச்சுதான் கைகொடுக்கிறது. 6 மில்லிமீட்டர் கயிற்று வளையம் ஒன்றை எடுத்து, பெரிய கயிற்றைச் சுற்றி மூன்று முறை தனக்குள்ளேயே நுழைத்து இறுக்குவார்கள். சுமை ஏறினால் அது கவ்விக்கொள்ளும். சுமை இறங்கியதும் விரலால் தள்ளினாலே நகரும். இப்படி ஒரு முடிச்சு கப்பியைச் சுமக்க, பிடிமானத்தில் இன்னொன்று காவல் நிற்கும். இழுப்பவர்கள் கை ஓய்ந்து விட்டாலும் ஏறிய ஆள் திரும்ப இறங்க மாட்டார்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் கடைசி ஒரு மீட்டர்தான் கடினம். பிளவின் விளிம்புப் பனியைக் கயிறு கத்திபோல் அறுத்து உள்ளே புதைந்துவிடும். அதனால் இழுக்கத் தொடங்கும் முன்பே விளிம்பில் ஒரு பனிக்கோடரியையோ முதுகுப்பையையோ கயிற்றுக்கு அடியில் திணித்து, அது நழுவாமல் கட்டி வைப்பார்கள். இதை மறந்தால் ஆள் விளிம்புக்கு அடியில் சிக்கிக்கொள்வார். மடங்கு அதிகமாக அதிகமாக இந்த ஆபத்தும் கூடும். ஒன்பது மடங்கு அமைப்பில் இழுப்பவர்களுக்குச் சிறு தடையாகத் தெரிவது, கீழே ஒருவருடைய விலா எலும்பாக இருக்கலாம். திடீரென்று கனத்தால் இழுப்பதை நிறுத்திவிட்டு, ஒருவர் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படை அந்தப் பிடிமானம். பனியில் குறுக்காகப் பள்ளம் வெட்டி, பனிக்கோடரியைப் படுக்கவைத்துப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கினால் ஒரு மனிதனைத் தாங்கும். ஆனால் இறுகும் பனி வேண்டும், வெட்டுவதற்குக் கை காலியாக இருக்க வேண்டும். அன்றிரவு யேட்ஸுக்குக் கிடைத்தது தளர்ந்த பனி. இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. மலையின் பங்கை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், மூன்று பங்கையும் அவருடைய உடம்பே தாங்கிக்கொண்டிருந்தது.