கார் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது: சில குறிப்புகள்

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு வந்தால் கார் திறக்கவில்லை. ரிமோட்டை அமுக்குகிறேன், அமுக்குகிறேன், ஒரு சத்தமும் இல்லை. ரெண்டு வாரமாகவே பக்கத்தில் போனால்தான் வேலை செய்துகொண்டிருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டது என் தப்பு.

ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். அதைப் போட்டுக் கதவைத் திறந்ததும் அலாரம் அலறி, செக்யூரிட்டி ஓடி வந்து, அம்மா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். பிறகு ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து அமுக்கினேன். வண்டி கிளம்பிவிட்டது.

செத்த பேட்டரியோடு எப்படிக் கிளம்பியது? கதவைத் திறக்கும் ரேடியோ வேறு, எஞ்சினுக்கு அனுமதி தரும் சிப் வேறு. முதலாவது 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, அதற்கு பேட்டரி வேண்டும். இரண்டாவதுக்கு வேண்டாம். பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலம் உண்டாக்கும், சிப் அதிலிருந்தே தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். அதனால்தான் ஒட்டி வைக்கணும். அலைவரிசை வேறு என்றாலும், பேட்டரியே இல்லாத ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் டோல்கேட்டில் பதில் சொல்வதும் இதே மாதிரி கடன் மின்சாரத்தில்தான். எந்த இடத்தில் வைக்கணும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்க வண்டிப் புத்தகத்தை இன்றைக்கே ஒருமுறை பார்த்து வைங்க.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் "சாவியையே மாத்தணும் சார்" என்று ஒரு ஐந்திலக்கத் தொகை சொன்னார்கள். வாட்ச் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு செல் வாங்கி வந்தேன்.

என் ரிமோட்டில் இருந்தது சிஆர் 2032. இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். சி என்றால் லித்தியம்-மாங்கனீசு டையாக்சைடு, ஆர் என்றால் வட்டம், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்பது அதே விட்டம், 2.5 தடிமன். வோல்ட் ஒன்றுதான், ஆனால் தொளதொளவென்று உட்காரும், குழியில் வண்டி இறங்கினால் தொடர்பு விட்டுப்போகும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

திறப்பது சுலபம். இரும்புச் சாவி உருவிய இடத்திலேயே ஒரு பிளவு தெரியும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் துணி சுற்றி அதில் விட்டுத் திருகணும், நெம்பக் கூடாது. நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். பழைய செல்லை எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிளஸ் எந்தப் பக்கம் என்பது அப்புறம் மறந்துவிடும். ரப்பர் வளையம் இருந்தால் பழையபடி உட்கார வைக்கணும். செல்லைக் கழற்றினால் ரிமோட் காரை மறந்துவிடுமோ என்று பயம் வேண்டாம். பெரும்பாலான ரிமோட்டுகளில் ரகசிய எண் மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் நினைவகத்தில்தான் இருக்கிறது.

பழைய செல்லை மல்டிமீட்டரில் பார்த்தேன். 2.8 வோல்ட்! செத்தது மாதிரியே தெரியவில்லை. 220 ஓம் ரெசிஸ்டரை இணைத்து அளந்தபோது 1.9க்கு விழுந்தது. புதியது அதே சுமையில் 2.9. லித்தியம் செல் வயதாகும்போது வோல்டேஜ் மெதுவாகத்தான் குறையும், உள்தடைதான் ஏறும். சும்மா இருக்கும்போது ஆரோக்கியம், வேலை சொன்னால் மயக்கம். (ஆபீஸில் சிலரைத் தெரியும்.)

இந்த 2.8 வோல்ட் ஏன் முக்கியம் என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. அளந்த செல்லை மேஜை மேலேயே விட்டிருந்தேன். தங்கச்சியின் ஒன்றரை வயசுப் பாப்பா சோபாவைப் பிடித்து ஏறி எடுத்துவிட்டாள். ஒற்றைக் கண்ணோடு இருந்த அம்மாதான் பார்த்தார். "டேய், பாப்பா கையில காசுடா!" நான் பிடுங்கியபோது அது உதட்டருகே இருந்தது.

செல் ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து என்று நானும் நினைத்திருந்தேன். கசியவே வேண்டாம். குழந்தையின் உணவுக்குழாயில் 20 மில்லிமீட்டர் செல் சிக்கிக்கொள்ளும். ஈரமான திசு வழியே மின்சாரம் ஓடி, மைனஸ் பக்கத்தில் காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். ரிமோட்டுக்கு உதவாத "செத்த" செல்லுக்கும் அதற்கு வேண்டிய தெம்பு இருக்கிறது.

முழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் காசு ஒற்றை வட்டமாகவும், செல் விளிம்பில் இரட்டை வளையமாகவும் தெரியும். ஒரு வயசு தாண்டிய குழந்தை, முழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் (மொத்தம் 6 தடவைக்கு மேல் வேண்டாம்) கொடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் தேசியத் தலைநகர் விஷ மையம். தேன் அரிப்பைத் தாமதப்படுத்தத்தான், செல்லை எடுக்க அல்ல. வீட்டில் தேன் இல்லையென்றால் தேடி நேரம் கடத்தாமல் கிளம்புங்கள்.

இப்போது பழைய செல்லின் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பரண் மேல் வைத்திருக்கிறேன், மின்கழிவு எடுப்பவர் வரும்போது கொடுக்க. ஸ்பேர் ரிமோட்டையும் திறந்து பார்த்தேன். அதில் யாரோ 2025 போட்டு, அடியில் சிகரெட் பெட்டித் தாளை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி.