மஞ்சள் பூ பூக்கும் செடி எது?

எங்கள் தெருவில் ஒரு வீடு. நான்கு வயது நிரம்பாத சிறுமி பின்கட்டுத் தோட்டத்தில் விளையாடிக் கொண்டிருந்தவள், வாயில் எதையோ மென்றபடி தாயிடம் வந்தாள். "என்னம்மா தின்றாய்?" என்று கேட்டதற்குத் தோட்டத்தைச் சுட்டிக் காட்டினாள். பதறிய பெற்றோர் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தனர். "என்ன செடி?" என்று மருத்துவர் கேட்டார். "மஞ்சள் பூ பூக்கும் செடி" என்பதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

அத்தோட்டத்திலோ மஞ்சள் பூப் பூப்பவை மூன்று இருந்தன!

செய்தியறிந்து, மூன்றிலும் இலை, பூ, காயுடன் ஒவ்வொரு கிளையை ஒடித்துக்கொண்டு நான் மருத்துவமனைக்குச் சென்றேன். அதற்குள் சிறுமியின் சட்டைப் பையிலிருந்து, கடித்த காயின் மிச்சத்தைத் தாயார் எடுத்திருந்தார். மெலிந்து நீண்ட காய். கிளைகளோடு ஒப்பிட்டதும், கொடிய நஞ்சுடைய செடியின் காயன்று அது என்பது தெளிவாயிற்று. ஓரிரவு கண்காணித்தபின் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும், நாள்தோறும் நீர் ஊற்றி வளர்த்த செடியை இன்னதென்று சொல்லத் தெரியாத அந்த நேரத்தின் தவிப்பை அக்குடும்பம் இன்றும் மறக்கவில்லை.

சகோதரிகளே! அம்மூன்று செடிகளும் நம்மில் பலருடைய வீடுகளில் உள்ளவையே. ஒன்று பொன்னரளி. மற்றொன்று அலமாண்டா. மூன்றாவது, சொர்ணப்பட்டி என்றும் டெகோமா என்றும் அழைக்கப்படுவது. மூன்றின் பூவும் குழல்போல் விரிந்த மஞ்சள் பூவே. ஆகவே பூவின் நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாந்து போவர்.

இலையைப் பாருங்கள்

பொன்னரளியின் இலை ஒற்றை இலை; விரலினும் நீண்டு, ஒரு விரற்கடை அகலமே கொண்டு, இருமுனையும் கூர்ந்து பளபளப்பாக இருக்கும். தண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக நெருங்கி அமைந்திருக்கும். அலமாண்டாவின் இலை அதனினும் அகன்றது. பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று அல்லது நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். செடியும் வேலியிலோ பந்தலிலோ சாய்ந்து படரும். டெகோமாவின் இலையோ கூட்டிலை. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும், ஒவ்வொன்றின் ஓரமும் வாளின் பற்களைப் போன்றிருக்கும்.

பாலைப் பாருங்கள்

இலையைக் கிள்ளினால் பொன்னரளியிலும் அலமாண்டாவிலும் வெண்ணிறப் பால் கசியும், டெகோமாவில் கசியாது. பால் பட்ட கையைக் கண்ணருகே கொண்டு செல்லாமல் உடனே கழுவிவிட வேண்டும்.

காயைப் பாருங்கள்

பொன்னரளியின் காய் பச்சையாய்ச் சதைப்பற்றுடன் இருந்து, முதிர்ந்தபின் கறுக்கும். உள்ளே கெட்டியான கொட்டை இருக்கும். அலமாண்டாவின் காய் உருண்டை, மேலெல்லாம் முள். டெகோமாவின் காய் அவரையினும் மெலிந்து நீண்டது. உள்ளே இறகுபோன்ற மெல்லிய விதைகள்.

இவற்றுள் பொன்னரளியின் எல்லா உறுப்புகளும் நஞ்சு; விதை மிகக் கொடியது. இதயத் துடிப்பையே சீர்குலைத்து உயிருக்கு உலை வைக்கும். கணுவுக்கு மூன்று இலைகளாக நிற்கும் செவ்வரளியும் வெள்ளரளியும் அத்தகையனவே. அலமாண்டாவைத் தின்றாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

பெயரை மட்டும் மனனம் செய்தால் போதாதா எனலாம். ஓர் ஊரில் பொன்னரளி என்பது வேறோர் ஊரில் மஞ்சளரளி, இலங்கையில் அலரி. இச்சிக்கலை அன்றே உணர்ந்தவர் 1248இல் டமாஸ்கஸில் மறைந்த தாவரவியல் அறிஞர் இப்னுல் பைத்தார். மூலிகைகளைத் தொகுத்த அவர், அவற்றிற்குப் பல மொழிகளில் வழங்கிய பெயர்களையும் சேர்த்தெழுதினார். பெயர் ஊருக்கு ஊர் மாறும்; இலையின் அமைப்பு மாறாது.

எங்கள் மதரஸா மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டுச் செடி ஒன்றின் பெயரைச் சொல்லாமல், இலை, அது தண்டில் நிற்கும் முறை, இலையோரம், பால், பூ, காய் ஆகியவற்றை மட்டும் எழுதிவர வேண்டும். ஒரு சிறுவன் எழுதியிருந்தான்: "சிறிய இலை. இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். ஓரத்தில் பல் இல்லை. பால் வராது. வெளிர்நிறச் சிறுபூக்கள் கொத்தாகப் பூத்து மணக்கும். காய் மிளகைவிடச் சற்றுப் பெரியது. பழைய கிளையில் முள் உண்டு." படித்து முடிக்குமுன்னே வகுப்பு முழுவதும் கூவியது: "மருதாணி!"

குழந்தை எதையேனும் தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராதீர்கள். வீட்டிலேயே வாந்தியெடுக்கச் செய்யவும் முயலாதீர்கள். இலை, பூ, காயுடன் ஒரு கிளையை ஒடித்துப் பையிலிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த நிலை வராதிருக்க, இன்று அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று, "இது என்ன?" என்று கேளுங்கள். விடை தெரியாத செடி எதுவோ, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.