பிள்ளையின் இடுப்பில் ஒரு காவல்காரன்

இனிப்பு நீர் என்றதும் நம் தோட்டப்புறத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது வயதான பாட்டியும், அவர் காலில் ஆறாத புண்ணும், சீனி போடாத கோப்பியும்தான். அப்படி நினைப்பதில் வியப்பில்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டு நடத்திய ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் இனிப்பு நீர் உள்ளவர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை இனிப்பு நீர். சாப்பாட்டைக் குறைப்பதும், உடம்பை அசைப்பதும், மாத்திரையும் அதற்கு ஓரளவு கைகொடுக்கும்.

ஆனால் முதல் வகை என்று ஒன்று இருக்கிறது. அது சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பள்ளி மாணவர்களையும் பிடிக்கிறது, பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. இந்த நோயில், கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் சொந்தக் கணையத்தையே தாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்து போகின்றன. தாய்மார்களே, ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். நீங்கள் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால் இந்த நோய் வரவில்லை. யாரும் செய்வினை வைத்ததாலும் வரவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் என்பது மருந்து மட்டுமன்று; உயிர். அதை ஒரு வேளைகூட நிறுத்த முடியாது. பாகற்காய்ச் சாறும் நாட்டு மருந்தும் அதற்கு ஈடாகா. இந்த இன்சுலினை அளந்து அளந்து உடம்புக்குள் செலுத்தும் தானியங்கிக் கருவி ஒன்று இப்போது பல நாடுகளில் பிள்ளைகளின் இடுப்பில் தொங்குகிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எறும்பு சொல்லும் சேதி

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டுவிட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், சோர்ந்து படுத்துக்கொள்ளும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் பாட்டிமார்கள் அந்தக் காலத்திலேயே நோயைச் சொல்லிவிடுவார்கள்.

கவனிக்காமல் விட்டால் வாந்தி, வயிற்று வலி, நீண்ட பெருமூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை தோன்றும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கிறது; அதனால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இது. வயிற்றுக் கோளாறு என்றும், காற்று சேர்ந்துவிட்டது என்றும் எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தால், ஓரிரு நாளில் பிள்ளையை இழந்துவிடக் கூடும். கிளினிக்கில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

ஊசியிலிருந்து கருவி வரை

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-இல் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அந்த மருந்து போதிய தூய்மையாக இல்லை. ஜேம்ஸ் காலிப் என்பவர் அதை மேலும் சுத்தப்படுத்திய பிறகு, 12 நாள் கழித்துப் போட்ட ஊசி பலன் தந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஊசி உயிரைக் காத்தது. ஆனால் கணையம் செய்த வேலையை அப்படியே செய்யவில்லை. நல்ல கணையம் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது கூடுதலாக விடும். இதை ஒரு கருவியால் செய்ய முடியுமா என்று 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் காடிஷ் முயன்றார். அவர் செய்த கருவியை முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டியிருந்தது. 1978-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் பிக்கப், ஹாரி கீன் ஆகிய மருத்துவர்கள் சிறிய பம்பு ஒன்றால் தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்திக் காட்டினார்கள்.

சீனியை இவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துவதால் என்ன லாபம்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண் கெடும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறும் நரம்புக் கோளாறும் பாதிக்குப் பாதி குறைந்தன. ஆனால் அந்த நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழுவது அவர்களிடையே ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாயிற்று. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு! பெற்றோர் இரவில் தூங்காமல் பிள்ளையின் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர்த் தொட்டியும் மிதவைப் பந்தும்

அந்த இரவுக் காவலைத்தான் தானியங்கிப் பம்பு ஏற்றுக்கொள்கிறது. இதில் மூன்று பகுதிகள் உண்டு. கையிலோ வயிற்றிலோ ஒட்டப்படும் சென்சர், தோலுக்கடியில் உள்ள நீரிலிருந்து சீனியின் அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. அந்த அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒரு கணக்குப்பொறி பார்க்கிறது. அது சொன்னபடி, இடுப்பில் உள்ள பம்பு மெல்லிய குழாய் வழியாக இன்சுலினைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. சில வகைப் பம்புகளுக்கு நீண்ட குழாய் கிடையாது. அவற்றைத் தோலிலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். நீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாயைத் திறக்கும். நிறைந்தால் மேலே வந்து மூடும். ஏறத்தாழ அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெரும்பாலான பம்புகளால் இன்சுலினைக் கொடுக்கவும் முடியும், நிறுத்தவும் முடியும். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே போன இன்சுலின் சில மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இந்தக் கருவி வந்த கதையில் நோயாளிகளுக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் டேனா லூயிஸ் என்ற பெண், சீனி இறங்கும்போது சென்சர் எழுப்பும் ஒலிக்கு விழிக்காமல் தூங்கிவிடுவார். உயிருக்குப் பயந்து, தம் துணைவர் ஸ்காட் லீப்ரண்டோடும் நண்பர்களோடும் சேர்ந்து தாமே ஒரு தானியங்கி ஏற்பாட்டைச் செய்துகொண்டார். 2015-இல் அந்த முறையை எல்லாரும் அறியும்படி இலவசமாகவே கொடுத்தார். 2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு முதல் தானியங்கிப் பம்புக்கு அனுமதி வழங்கியது.

2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொன்னால் இதன் பலனும் ஆபத்தும் ஒருங்கே விளங்கும். 168 பேர் ஆறு மாத காலம் அதில் பங்கு பெற்றார்கள். சீனி 3.9-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் நல்லது என்பது கணக்கு. தானியங்கிக் கருவி அணிந்தவர்கள் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அதிகமாக அந்த நல்ல அளவில் இருந்தார்கள். ஒருவர்கூடச் சீனி இறங்கி ஆபத்தான நிலைக்குப் போகவில்லை. ஆனால், கருவி அணிந்தவர்களில் ஒருவருக்கு இன்சுலின் செல்லும் குழாய் பழுதாகி, இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது.

கருவி செய்யாத வேலை

அந்த ஒருவருக்கு நேர்ந்தது எந்தப் பிள்ளைக்கும் நேரலாம். பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. குழாய் மடங்கினாலோ, வியர்வையில் ஒட்டு கழன்றாலோ, சில மணி நேரத்துக்குள் உடம்பில் இன்சுலினே இல்லாமல் போய்விடும். நம் தோட்டத்து வெயிலில் பந்து விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு ஒட்டு கழல்வது எளிது. ஆகவே பின்வருவனவற்றை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

சீனி 14-க்கு மேல் ஏறி, மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்றால் பம்பை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி ஊசியில் இன்சுலின் போட்டு, குழாயைப் புதிதாக மாற்ற வேண்டும். வாந்தியும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பம்பு அணிந்த பிள்ளையின் பையில் எப்போதும் மாற்று ஊசியும் இன்சுலினும் இருக்கட்டும். குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும்.

சாப்பாட்டைக் கருவிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். தோலுக்கடியில் விட்ட இன்சுலின் வேலை செய்யத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சோறோ அதற்குள் சீனியாக மாறத் தொடங்கிவிடும். அதனால் சாப்பிடுவதற்கு முன்பே, தட்டில் உள்ள மாவுச்சத்து எத்தனை கிராம் என்று கணித்துப் பம்பில் பதிய வேண்டும். 10 கிராமுக்கு 1 யூனிட் என்று டாக்டர் சொல்லியிருந்தால், 40 கிராமுக்கு 4 யூனிட். இந்த விகிதம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சோற்றை எப்போதும் ஒரே கிண்ணத்தில் அளந்து போடும் தாய்க்கு இந்தக் கணக்குக் கஷ்டமாக இராது. கல்யாண விருந்திலும் கோயில் திருவிழாவிலும் கண்ணால் அளக்கப் பழகிவிடலாம்.

சீனி 3.9-க்குக் கீழே இறங்கினால் பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தானியங்கிப் பம்பு ஏற்கெனவே இன்சுலினைக் குறைத்திருக்கும் என்பதால் அதைவிடக் குறைந்த சீனியே போதுமானதாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நினைவிழந்த பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழையுங்கள்.

குளிக்கும்போதோ ஆற்றில் இறங்கும்போதோ கழற்ற வேண்டிய பம்பாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் மாட்டிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கூடையில் இன்சுலினை வைத்தால் அது கெட்டுவிடும். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையும் பகுதியில் மட்டும் வைக்காதீர்கள்.

நமக்கு எட்டுமா?

இங்கிலாந்தில் முதல் வகை நோயாளிகளுக்கு இக்கருவியைக் கொடுக்கலாம் என்று 2023 டிசம்பரில் பரிந்துரைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக வழங்க அந்நாட்டு அரசாங்க மருத்துவச் சேவை திட்டம் வகுத்தது. பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் முன்வரிசையில் வைக்கப்பட்டார்கள். நம் நாட்டிலோ இதைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கருவிக்குப் பல ஆயிரம் வெள்ளி. சென்சருக்கும் குழாய்க்கும் மாதந்தோறும் தனிச் செலவு. பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சுமை என்பதை மறைத்துப் பயனில்லை.

அதனால் மனம் தளர வேண்டியதில்லை. அரசாங்க மருத்துவமனைகளில் இன்சுலினும் ஊசியும் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. சோற்றை அளப்பதும், வேளை தவறாமல் ஊசி போடுவதும், சீனியைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. இவற்றை முறையாகச் செய்யும் குடும்பத்துக்குப் பிற்காலத்தில் பம்பு கிடைத்தாலும் அதைக் கையாள்வது எளிது. இவற்றைச் செய்யாத வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. மருத்துவமனைக்குப் போகும்போது, நம் பிள்ளைக்கு இந்தக் கருவி பொருந்துமா, உதவி கிடைக்க வழி உண்டா என்று டாக்டரிடமும் தாதியிடமும் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்குமா என்று அஞ்சி, பள்ளியில்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளை மயங்கி விழுந்தால் ஆசிரியருக்கு என்ன தெரியும்? முதல் வகை நோயுள்ள பெண்கள் படித்து, வேலை பார்த்து, மணந்து, நல்ல பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்து வருகிறார்கள். ஆசிரியரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். சீனித் தண்ணீர் எப்போது கொடுக்க வேண்டும், ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பிள்ளையைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனைக்கு அது பத்திரமாக இருக்கும்.